ஆறு நாள் குறைவு

ஸ்காபரோ, ரொறன்ரோ
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி தங்கத்துரைக்கு,

புதுவருசம் பிறந்த கையோடு அக்கா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் எப்படி? நாள் முழுக்க முழந்தாளில் நின்று தரைக்கு மாபிள் பதிக்கிறவனுக்கு அது வலிக்காமல் என்ன செய்யும்.

கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆனதோ என்று பதறாதே. நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் கதைத்தால் மூன்றாவது நிமிசத்தில் யாராவது ஒருவர் டொக்கென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கத்தான் வேண்டும்.

துஷானிக்கு உங்கள் மொன்றியலில் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. வானிலை படிக்கப் போகிறாளாம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இருந்து அந்தப் படிப்புக்கு எடுபட்டது அவள் ஒருத்திதான். "மழை வருமா வராதா எண்டு சொல்ல நாலு வருசம் படிக்கணுமா?" என்று அத்தான் பகிடியாகக் கேட்டார். "வராது எண்டு சொல்லி வந்தா ஆக்கள் செத்துப்போவாங்க அப்பா" என்றாள். எழுபத்தெட்டில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் தகப்பனைப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த நாள் வேலையிடத்தில் எல்லோருக்கும் டோனற் வாங்கிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கியூபெக் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு வருசத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் டொலர் கட்டணம். வெளி மாகாணத்துப் பிள்ளைக்குப் பன்னிரண்டாயிரம். ஒரே நாடு, ஒரே வகுப்பு, நாலு மடங்கு காசு. எங்களுக்கு வீட்டு மோட்கேஜ் புதுப்பித்ததில் மாதக்காசு ஏறிப்போய், அத்தான் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். ஆனால் முழுநேரமாகப் படிக்காமல் பன்னிரண்டு மாதம் அங்கே தொடர்ந்து இருந்தால் அவளும் அந்த மாகாணத்துப் பிள்ளைதானாம். அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பல்கலைக்கழகமும் ஒரு வருசம் இடத்தைத் தள்ளி வைக்கச் சம்மதித்திருக்கிறது. இரண்டாம் தரம் தள்ள மாட்டார்களாம்.

அந்த ஒரு வருசம் அவளை உன்னோடு வைத்திருப்பாயா? அத்தானுக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
நாகேஸ்வரி


மொன்றியல்
27 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நானும் என் மனுசி கிளடிசும் நல்ல சுகம். பனி கரைந்த பிறகு முழங்காலும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அத்தானுக்குப் பிறசர் எப்படி?

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். எங்கள் மேஸ்திரி ஒரு போர்த்துக்கேயன். என் மருமகள் காற்றையும் மழையையும் படிக்கப் போகிறாள் என்று அவனுக்குச் சொன்னேன். போன கிழமை மழையில் கெட்டுப்போன இரண்டு மூடை சீமெந்தைக் காட்டி, அவளைச் சீக்கிரம் படித்து முடிக்கச் சொன்னான்.

இது கேட்கிற விசயமா அக்கா. வீடு கிளடிசின் பெயரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பில் வீடென்றால் பெண்ணுக்குத்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் எழுதுவித்தேன். அதனால் முறைக்கு அவளிடம் கேட்டேன். "மருமகள் மாமன் வீட்ட வாறதுக்கு என்னத்துக்குக் கேள்வி?" என்றாள். இப்போது தெருப்பக்கத்து அறைக்குத் திரைச்சீலை அளந்துகொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டு மாதம் என்றால் இவர்கள் பன்னிரண்டு மாதம்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் யூலை மாதமே அனுப்பிவிடுங்கள். நாள் கொஞ்சம் மிஞ்சி இருந்தால் நல்லது.

நானும் கிளடிசும் அவள் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பி
தங்கத்துரை


ஸ்காபரோ
20 யூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி குறையொன்றுமில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

யூலையில் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். முதல் இரண்டு கிழமையும் பட்டமளிப்பு விழா, அவளுடைய சிநேகிதிகள், சாமான் வாங்குவது என்று போய்விட்டது. பதினேழாம் திகதி ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? ஆவணி பிறந்த மூன்றாம் நாளே பூரணை, அதற்குப் பிறகு செப்டெம்பர் இரண்டு வரை தேய்பிறை. தேய்பிறையில் பிள்ளையை வழியனுப்ப என் மனம் ஒப்பவில்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் சதுர்த்தி செப்டெம்பர் ஏழு. அன்றைக்கு ஒரு அருச்சனை செய்துவிட்டு, எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏற்றுகிறேன். ஞாயிறு மேற்கேதான் சூலம், மொன்றியல் கிழக்கே. எல்லாம் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

"அம்மா, நான் படிக்கப்போறதே வானம் என்ன செய்யப்போகுது எண்டு. நீங்க அதுக்கு முதலே முடிவெடுத்திட்டீங்க" என்று நக்கலடிக்கிறாள். அடிக்கட்டும். இந்தச் செப்டெம்பரில் வந்தால் அடுத்த செப்டெம்பரில் வருசம் சரிதானே.

உனக்கு இறால் கருவாடும் மோர்மிளகாயும் கொடுத்துவிடுகிறேன். அத்தான் பஸ் நிலையத்துக்கு வருவார், மொன்றியலுக்கு வரமாட்டார். பழைய கதை, விடு.

அக்கா


மொன்றியல்
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

நீங்கள் அனுப்பிய பொருள் பத்திரமாக வந்து சேர்ந்தது. கருவாடும்தான்.

போன ஞாயிறு பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்குப் போனோம். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது கைக்குழந்தையாக. இறங்கிய கூட்டத்தில் யாரென்று தேடிக்கொண்டிருக்க, கிளடிஸ், "அந்தா, உங்கட அக்காட நடை" என்று காட்டினாள். எப்போதோ ஒரு கலியாண வீட்டில் தூரத்தில் கண்டதுதான், அதை வைத்துச் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. பனிக்காலக் கையுறை மொத்தமாக விற்கிற ஒரு கிடங்கு. சோடி சேர்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு. இங்கேயே பதினைந்து வருசம் ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிற கிளடிசுக்குப் பிரெஞ்சு தண்ணீர் மாதிரி. இரவுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் பிரெஞ்சில் கதைத்துச் சிரிக்கிறார்கள், நான் கறியைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

என் சொந்த அக்காவின் பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள் என்று தெருவில் போகிறவனுக்கெல்லாம் சொல்லத் தோன்றுகிறது.

கிளடிஸ் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கத்துரை


ஸ்காபரோ
29 டிசெம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

தபால்காரர் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்ததில் கடிதம் பிந்திவிட்டது. அதற்கு முதல் இருந்த இரண்டு மாதத்துக்கு நான்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் சுகம். அத்தானுக்கு இருமல், குறைந்து வருகிறது. உன் முழங்காலுக்குச் சித்தாலேப தைலம் அனுப்பியிருக்கிறேன்.

துஷானி தொலைபேசியில் கதைக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள் போல, குரலிலேயே தெரிகிறது. அங்கே வைக்கிற பால்சொதி அவ்வளவு ருசி என்றாள். என் பால்சொதியைப் பதினெட்டு வருசம் குடித்தவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நத்தாருக்குத் தேவாலயத்து நடுச்சாமப் பூசைக்கும் போனாளாம். போகட்டும், சாமி சாமிதான். அத்தானுக்கு நான் சொல்லவில்லை.

போன கிழமை பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. கமலாம்பிகை அன்ரி வந்திருந்தா. "மகள் படிக்காம வேலைக்குப் போறாளாமே" என்று நாலு பேருக்கு நடுவில் கேட்டா. "நாலு வருசக் காசை ஒரு வருசத்தில மிச்சம் பிடிக்கிறாள் அன்ரி, உங்கட மகன் நாலு வருசமாப் படிக்கிறார்தானே, முடிஞ்சுதா?" என்று கேட்டேன். பிறகு அவ கேக் வெட்டும் வரைக்கும் என் பக்கம் வரவில்லை.

பொங்கலுக்குச் சர்க்கரையும் பயறும் இந்தப் பொதியில் இருக்கின்றன. உனக்கும் துஷானிக்கும்.

அக்கா


மொன்றியல்
8 யூன் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் சுகம். உங்களுக்கும் அத்தானுக்கும் சுகம் வேண்டுகிறேன்.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பல்கலைக்கழகத்தில் இருந்து வதிவிடப் பத்திரம் வந்திருக்கிறது. எந்தத் திகதியில் இருந்து இந்த மாகாணத்தில் இருக்கிறாள் என்று அவள் எழுத வேண்டும். அவள் இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் அதை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். வகுப்பு தொடங்குவது செப்டெம்பர் இரண்டு. அவள் வந்தது போன செப்டெம்பர் எட்டு.

ஆறு நாள் குறைகிறது.

ஆறு நாள்தானே, முதல் தவணைக்கு மட்டும் கூடக் கட்டிவிட்டால் போகட்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. முழுநேரமாகப் படிக்கிற காலம் கணக்கில் சேராது. இரண்டாம் திகதி முழுநேரமாகத் தொடங்கினால் படிப்பு முடியும்வரை அவள் வெளி மாகாணத்துப் பிள்ளைதான். நாலு வருசமும் பன்னிரண்டாயிரம். தள்ளி வைக்கவும் முடியாது. இந்த வருசம் அவள் கையுறை அடுக்கியதெல்லாம் வீண்.

பிழை உங்களில் மட்டுமில்லை. யூலையில் வரச் சொன்னவன், நீங்கள் செப்டெம்பர் என்று எழுதியபோது விரலை மடக்கி எண்ணியிருக்க வேண்டும். பிள்ளை வருகிற சந்தோசத்தில் எண்ணவில்லை. தரை முழுக்க அளந்து மாபிள் பதிக்கிறவன் இதில் கோட்டை விட்டுவிட்டேன்.

துஷானி அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். கிளடிஸ் வாசலில் தேத்தண்ணி வைத்துவிட்டு வந்தாள்.

தங்கத்துரை


ஸ்காபரோ
13 யூன் 2025

தம்பிக்கு,

உன் கடிதம் கண்டது முதல் எனக்கு நித்திரையில்லை. சுகம் கேட்டு எழுத இப்போது நேரமில்லை, குறை நினைக்காதே.

நல்ல நாள் பார்த்து அனுப்பினேன். என் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று பார்த்த நாள், அவளுடைய நாலு வருசத்தையும் விழுங்கப்போகிறது. அத்தானிடம் சொன்னேன். எழுந்து கராஜுக்குப் போய்க் காரைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பத்திரத்தில் எட்டுக்குப் பதிலாக ஓகஸ்ட் முப்பத்தொன்று என்று எழுதினால் என்ன? வெறும் எட்டு நாள் வித்தியாசம். யார் வந்து பஸ் ரிக்கற்றைக் கேட்கப்போகிறார்கள்? அவள் ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஒரு வருசம் அங்கே உழைத்தாள், வரி கட்டினாள், அவர்களுடைய மொழியைப் படித்தாள். ஆறு நாளுக்காக முப்பத்தாறாயிரம் கூடுதலாகக் கேட்பதுதான் அநியாயம். எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எத்தனை திகதியை மாற்றி எழுதியிருப்பார்கள்.

கையெழுத்து வைக்கிற ஆளிடம் நீயே பக்குவமாகச் சொல்லு. பிள்ளையின் வாழ்க்கை.

அக்கா


மொன்றியல்
21 யூன் 2025

அக்காவுக்கு,

சுகம். கிளடிசும் சுகம். அவளுக்குப் பெயர் இருக்கிறது.

நீங்கள் சொன்னதை அவளிடம் கேட்டேன். முடியாது என்றாள். கோபமாக இல்லை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "பிள்ளை வந்த நாள் எட்டாம் திகதி. நான் எட்டாம் திகதி எண்டுதான் எழுதுவன்."

உங்களுக்கு இது பழிவாங்கல் போலத் தோன்றும். அதனால் ஒரு விசயம் சொல்கிறேன். பதினெட்டு வருசத்தில் நீங்கள் கேட்காததால் நானும் சொல்லவில்லை. கிளடிஸ் கனடாவுக்கு வந்தபோது அவளுடைய ஏஜென்சிக்காரன் ஒரு திகதியை மாற்றி எழுதிக் கொடுத்தான். நல்லதுக்குத்தான் என்று சொன்னான். அந்த ஒரு திகதியால் அவள் சொன்ன உண்மைகளையும் ஒருவரும் நம்பவில்லை. மூன்று வருசம் வழக்கு. இடையில் ஊரில் தாய் தவறிவிட்டா. வெளியே போனால் திரும்பி வரமுடியாத நிலை. செத்தவீட்டை ஒரு வீடியோ கசற்றில் பார்த்தாள். இன்னொரு பெண்பிள்ளையின் பத்திரத்தில் பொய்த் திகதி எழுத அவளுடைய கை வராது. அவளுடைய கையைப் பிடித்து எழுதுவிக்க எனக்கும் மனமில்லை.

அக்கா, நீங்கள் எழுதின கடிதங்களை வைத்திருக்கிறேன். என் முழங்காலைக் கேட்டிருக்கிறீர்கள், பனியைக் கேட்டிருக்கிறீர்கள். என் மனுசி எப்படி இருக்கிறாள் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. எங்கள் கலியாணம் தேவாலயத்தில் நடந்ததால் அத்தான் வரவில்லை என்றீர்கள். சரி, அவர் வரவில்லை. கடிதம் எழுதுகிறது அத்தானில்லையே. இப்போது கையெழுத்துத் தேவைப்படுகிறபோதும் அவள் உங்களுக்கு "கையெழுத்து வைக்கிற ஆள்".

நான் ஏழைதான். ஆனால் அவளைக் கட்டியதில் எனக்குக் கர்வம் உண்டு. இந்தக் கிழமை அது கூடியிருக்கிறது.

தங்கத்துரை


மொன்றியல்
2 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அம்மா, அப்பா,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நிறுத்தி ஐந்து வருசம், எழுத்துப் பிழை கண்டால் மன்னியுங்கள். நீங்களும் மாமாவும் ஆறு கிழமையாக ஆளுக்காள் எழுதாமல் இருக்கிறீர்கள். அதனால் நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் அழுவீர்கள், பிறகு நானும் அழுவேன்.

முதலில் ஒன்று. மாமி சம்மதித்திருந்தாலும் நான் அந்தத் திகதியை எழுதியிருக்க மாட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முதலே என் பத்திரத்தில் செப்டெம்பர் எட்டு என்று பேனாவால் எழுதிவிட்டேன்.

பிறகு நடந்தது இதுதான். மாமி வேலையில் லீவு எடுத்தா. பல்கலைக்கழகக் கந்தோருக்கு நாங்கள் இரண்டு பேரும் மூன்று தரம் போனோம். முதல் தரம் சனம் நிறைய, திரும்பி வந்தோம். இரண்டாம் தரம் முடியாது என்றார்கள். மாமி சண்டை பிடிக்கவில்லை, விதி எழுதின தாளைத் தாங்கோ என்று கேட்டு வாங்கினா. வீட்டில் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, நாலு நாள் வாசித்தா. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "இஞ்ச பாருகா, இதில முழுநேரம் எண்டுதானே போட்டிருக்கு. பகுதிநேரமா எண்டு ஒரு இடத்திலயும் இல்ல" என்றா.

அதைத்தான் மூன்றாம் தரம் போய்க் கேட்டோம். அந்தப் பெண் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தா. சரியாம் அம்மா. செப்டெம்பரில் நான் இரண்டு பாடம் மட்டும் எடுத்தால் பகுதிநேரம். மாதக் கணக்கு நிற்காது. எட்டாம் திகதி பன்னிரண்டு மாதம் நிறையும். ஜனவரியில் முழுநேரமாகத் தொடங்கும்போது நான் கியூபெக் பிள்ளை. இடமும் போகாது. எழுத்தில் தந்திருக்கிறார்கள். படிப்பு முடிய அரை வருசம் பிந்தும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு பாடத்துக்கும் வெளி மாகாணக் கட்டணம், இரண்டாயிரத்து நானூறு. மாமா தருகிறேன் என்றார். மாமி ஒரு காப்பைக் கழற்றி மேசையில் வைத்தா. நான் இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையுறைக் கிடங்கில் சேர்த்த காசில் நேற்றுக் கட்டிவிட்டேன். ரசீதின் படத்தை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்பா ஒரு பெருவிரல் படம் மட்டும் திருப்பி அனுப்பினார். பிறகு பத்து நிமிசம் கழித்து இன்னொரு பெருவிரல் வந்தது.

அம்மா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் தபால்பெட்டியில் கிடந்தால் எடுத்து வருகிறது எப்போதும் மாமிதான். உறையைத் திருப்பி யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்ப்பா. பிறகு மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பா. ஒரு வருசமாகப் பார்க்கிறேன்.

உங்கள் மகள்
துஷானி


ஸ்காபரோ
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மச்சாள் கிளடிசுக்கு,

நாகேஸ்வரி எழுதுகிறேன். நீங்கள் சுகமா? உங்களுக்குச் சீனி வருத்தம் என்று துஷானி சொன்னாள். மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா? வேலையிடத்துக் குசினியில் நிற்கிறதால் கால் வீங்குவதில்லையா? பதினெட்டு வருசமாகக் கேட்க வேண்டிய சுகத்தை ஒரே நாளில் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துஷானியின் கடிதம் வந்து மூன்று கிழமையாகப் போகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன். உறையில் உங்கள் பெயரை எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த உறை மேசையில் கிடந்தது. துஷானியின் அப்பா போகிற வருகிற நேரமெல்லாம் அதைப் பார்த்தார்.

உங்களுக்கு ஒரு உண்மை தெரிய வேண்டும். தம்பிக்கும் தெரியாது. உங்கள் கலியாணத்துக்கு அவர் வர மறுத்தார் என்று நான் சொன்னது பொய். அவர் முதல் நாளே முடி வெட்டி, சேட் ஒன்றை அயன் பண்ணிக் கதவில் கொழுவி வைத்திருந்தார். காருக்குப் பெற்றோலும் அடித்தாயிற்று. நான்தான் காலையில் பஞ்சாங்கத்தைத் திறந்து, இன்றைக்கு அட்டமி, கைக்குழந்தையோடு நெடும்பயணம் கூடாது என்றேன். அட்டமி என்பது உண்மை. ஆனால் வளர்பிறைத் தசமியாக இருந்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு ஒரு குறை கிடைத்திருக்கும். என் தம்பி என்னைக் கேளாமல், வேற்றுச் சமயத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான் என்ற வீம்பு. அவர் சேட்டை மடித்து அலுமாரியில் வைத்தார். பிறகு நான் அவர் தலையில் பழியைப் போட்டபோதும் அந்த மனிதன் மறுத்துப் பேசவில்லை. நேற்றுத்தான் அவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும்தானே" என்றார்.

நான் உங்களிடம் ஒரு பொய்த் திகதி கேட்டேன். நீங்கள் உண்மைத் திகதியை எழுதி, அதே உண்மையை வைத்தே என் பிள்ளைக்கு வழி தேடிக் கொடுத்தீர்கள். நான் நல்ல நாள் பார்த்துக் கெடுத்ததை, நீங்கள் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுச் சரிப்படுத்தினீர்கள். உங்கள் தாயாரின் செத்தவீட்டுக் கதையைத் தம்பி எழுதியிருந்தான். அதை வாசித்த பிறகும் இரண்டு மாதம் நான் எழுதவில்லை. அது கோபமில்லை மச்சாள், வெட்கம்.

போன கிழமை கோயிலில் கமலாம்பிகை அன்ரியைக் கண்டேன். "மகளுக்கு ஏதோ காசுப் பிரச்சினையாமே" என்றா. "பிரச்சினை முடிஞ்சுது அன்ரி. அவளிட மாமி கிளடிஸ் எண்டு மொன்றியல்ல இருக்கிறா, பிரெஞ்சில சட்டம் வாசிச்சு வெண்டு குடுத்தா" என்று பிரசாத வரிசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். உங்கள் பெயரை நாலு பேருக்கு முன்னால் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தரம். சொல்ல நன்றாக இருந்தது.

செப்டெம்பர் எட்டாம் திகதி துஷானிக்குப் பன்னிரண்டு மாதம் நிறைகிறது. உங்கள் ஊர்க்காரி ஆகிறாள். அன்றைக்கு உங்கள் மேசையில் எங்களுக்கும் இரண்டு தட்டு வைப்பீர்களா? அவர் வேலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று அலுமாரியின் அடியில் இருந்து அந்தப் பழைய சேட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். பால்சொதி நீங்கள் வையுங்கள், எனக்கும் ருசி பார்க்க வேண்டும்.

பழக்கம் விடவில்லை, பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குத் தேய்பிறைப் பிரதமை. திங்கட்கிழமை, கிழக்கே சூலம். மொன்றியலுக்குப் போக அதைவிடக் கூடாத நாள் இந்த வருசம் கிடையாது.

விடியவே வெளிக்கிட்டு வாறம், மச்சாள்.

அன்புடன்
நாகேஸ்வரி